ஒலியைக் கற்கும் மூளை

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. அங்கே மழைக்காலம் முடிந்ததும் புதர்களின் மேல் ஒரு கொடி ஏறிப் படர்ந்திருக்கும். அதன் காய்கள் பூனையின் காலைப் போல் வளைந்து, பழுப்பு நிற மயிருடன் தொங்கும். அழகாக இருக்கிறதே என்று தொட்டால் போயிற்று! அந்த மயிர் தோலில் பட்ட இடமெல்லாம் அரிப்பெடுக்கும். ஆடு மேய்க்கும் சிறுவர்கள் இதை நன்கு அறிவார்கள். இதுதான் பூனைக்காலி.

அதே சிறுவர்களிடம் வேறொரு திறமையும் உண்டு. மாலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது ஓர் ஆடு குறைகிறது. புதருக்குள்ளிருந்து மெல்லிய மணியோசை கேட்கிறது. "இது நம்ம ஆடு இல்லே, மேல் வீட்டு ஆடு" என்கிறான் சிறுவன். நமக்கு எல்லா மணியும் ஒன்றுபோலக் கேட்கும். அவனுக்கோ ஒவ்வொரு மணியும் வேறு வேறு. இதை அவனுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

மாணவர்களே, அரிக்கும் காய்க்குள் இருக்கும் விதைக்கும், சிறுவனின் காதில் விழும் மணியோசைக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பின் பெயர் டோபமைன்.

காது கேட்கிறது, மூளை கற்கிறது

முதலில் ஒலி மூளையை அடையும் வழியைப் பார்ப்போம். மணி அதிரும்போது காற்றும் அதிர்கிறது. காற்றின் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது. நடுச்செவியில் உள்ள மூன்று சிறு எலும்புகள் அந்த அசைவை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தை ஓட்டைப் போல் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதற்குக் காக்ளியா என்று பெயர். அதனுள்ளே நிரம்பிய திரவமும், அதன் நடுவே நீண்டு செல்லும் ஒரு சவ்வும், அந்தச் சவ்வின் மேல் வரிசையாக அமைந்த ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்களும் உள்ளன.

சவ்வின் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அலைவெண்ணுக்கு நன்றாக அசையும். காக்ளியாவின் வாயிலருகே கீச்சொலிகளும், சுருளின் உச்சியில் தாழ்ந்த ஒலிகளும் உணரப்படுகின்றன. இளைஞரின் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆர்மோனியத்தில் கட்டைகள் வரிசையாக இருப்பதுபோல், காக்ளியாவிலும் அலைவெண்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன எனலாம்.

இந்த வரிசை காதோடு நின்றுவிடுவதில்லை. செவி நரம்பின் வழியே மூளைக்குச் சென்று, காதுக்கு மேலே பக்கவாட்டில் உள்ள மூளைப் புறணியிலும் அதே வரிசையில் அமைகிறது. அப்பகுதிக்குச் செவிப் புறணி என்று பெயர். ஆகவே, செவிப் புறணியில் ஒலிகளின் படம் ஒன்று இருக்கிறது.

இவ்வளவும் நமக்கும் உண்டு, ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் உண்டு. அவன் காது நம் காதைவிடக் கூர்மையானது அன்று. வேறுபாடு காதில் இல்லை, மூளையில்தான் இருக்கிறது. அவன் மூளை அந்த ஒலிகளைக் கற்றிருக்கிறது.

சேப்பாக்கத்தில் பிரித்தெடுத்த பொருள்

இனிப் பூனைக்காலிக்கு வருவோம். 1937ஆம் ஆண்டு, சென்னை சேப்பாக்கத்தில் இயங்கிய பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் பெயர் எல்-டோபா. 1913இல் சுவிட்சர்லாந்தில் குகன்ஹைம் என்பவர் இதே பொருளை அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து எடுத்திருந்தார். பூனைக்காலியும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் விதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 முதல் 6 கிராம் வரை எல்-டோபா இருக்கிறது. இயற்கையில் இவ்வளவு செறிவாக இப்பொருளைக் கொண்ட தாவரங்கள் மிகச் சில.

நம் உடலும் எல்-டோபாவைச் செய்கிறது. பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள புரதத்திலிருந்து டைரோசின் என்ற அமினோ அமிலம் கிடைக்கிறது. டைரோசினுடன் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கூறு இணைந்தால் எல்-டோபா. எல்-டோபாவிலிருந்து கார்பன்-டை-ஆக்சைடு நீங்கினால் டோபமைன். இந்த இரு மாற்றங்களையும் இரு நொதிகள் நடத்துகின்றன.

டோபமைனை 1910லேயே லண்டன் வேதியியலாளர்கள் செயற்கையாகச் செய்துவிட்டனர். ஆனால் அதற்குத் தனியாக ஒரு வேலை உண்டு என்று யாரும் நினைக்கவில்லை. அட்ரினலின் போன்ற வேறு பொருள்களை உடல் தயாரிக்கும் வழியில், இடையில் வந்து போகும் ஒரு பொருள் என்றே எண்ணினர். 1957இல் இங்கிலாந்தில் கேத்தலீன் மான்டகு என்ற பெண் ஆய்வாளர் மனித மூளையில் டோபமைன் இருப்பதைக் கண்டார்.

முயல்கள் சொன்ன செய்தி

அதே 1957இல் ஸ்வீடன் நாட்டின் ஆர்விட் கார்ல்சன் செய்த சோதனை இந்த எண்ணத்தை மாற்றியது. இதிலும் ஒரு நாட்டு மூலிகை வருகிறது. நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்ட சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கார்ல்சன் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காதுகள் தொங்க, அசைவற்று உட்கார்ந்துவிட்டன. பின்னர் எல்-டோபாவை ஊசி மூலம் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடத் தொடங்கின!

ரெசர்பின் மூளையின் டோபமைன் சேமிப்பைக் காலி செய்திருந்தது. எல்-டோபா அதை மீண்டும் நிரப்பியது. டோபமைனையே நேராகக் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இரத்தத்திலிருந்து மூளைக்குள் டோபமைன் நுழைய முடியாது. இரத்தக் குழாய்ச் சுவர் அதைத் தடுத்துவிடும். எல்-டோபாவுக்கு நுழைய வழி உண்டு.

இதிலிருந்து பெரும் நன்மை விளைந்தது. கை நடுக்கமும் உடல் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதை 1960இல் வியன்னா நகரில் கண்டனர். 1961 முதல் அந்நோய்க்கு எல்-டோபா கொடுத்துப் பார்த்தனர். இன்றும் அந்நோய்க்கு முதன்மையான மருந்து அதுவே. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

மகிழ்ச்சியா, வியப்பா?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. அவற்றுள் டோபமைனைச் சுரக்கும் செல்கள் சில லட்சங்களே. அவற்றில் பெரும்பாலானவை நடுமூளையில் இரு சிறு பகுதிகளில் நெருங்கியுள்ளன. ஆனால் அவற்றின் கிளைகள் மூளையின் பல பகுதிகளுக்கும் நீண்டு செல்கின்றன. மலையுச்சியில் ஒருவர் தண்டோரா போட்டால் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் கேட்பது போல, இச்சில செல்களின் செய்தி மூளை முழுவதும் பரவுகிறது. அந்தச் செய்தி என்ன?

டோபமைனை 'மகிழ்ச்சிப் பொருள்' என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அன்று. சுவிட்சர்லாந்தில் ஆய்வு செய்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் செல்களில் மிக நுண்ணிய மின்கம்பிகளைப் பொருத்தி அவற்றின் துடிப்பைப் பதிவு செய்தார். ஓர் அடையாளம் தோன்றும். சிறிது நேரம் கழித்துப் பழச்சாறு கிடைக்கும். அவர் கண்டது இதுதான்:

முதலில், பழச்சாறு கிடைத்த கணத்தில் செல்கள் வேகமாகத் துடித்தன.

குரங்கு கற்றுக்கொண்ட பின், அடையாளம் தோன்றியதுமே துடித்தன. பழச்சாறு வந்தபோது தனியாகத் துடிக்கவில்லை.

அடையாளம் காட்டிவிட்டுப் பழச்சாறு தராமல் ஏமாற்றியபோது, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது.

பழச்சாறு மூன்றாவது கட்டத்தைத் தவிர மற்ற இரண்டிலும் கிடைத்தது. இனிப்பும் அதே இனிப்புதான். ஆகவே டோபமைன் இனிப்பை அளக்கவில்லை. பின் எதை அளக்கிறது? கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை அளக்கிறது. 1997இல் ஷுல்ட்ஸ், டயன், மான்டகு என்ற மூவர் இந்த விளக்கத்தை வெளியிட்டனர்.

இதை எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி அடித்ததும் 8 புள்ளி மதிப்புள்ள பரிசு கிடைக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் மூளை வேறுபாட்டில் பாதியைத் தன் எதிர்பார்ப்புடன் சேர்த்துக்கொள்கிறது என்றும் கொள்வோம்.

முதல் முறை: எதிர்பார்ப்பு 0, கிடைத்தது 8, வேறுபாடு 8. புதிய எதிர்பார்ப்பு 4.

இரண்டாம் முறை: எதிர்பார்ப்பு 4, கிடைத்தது 8, வேறுபாடு 4. புதிய எதிர்பார்ப்பு 6.

மூன்றாம் முறை: எதிர்பார்ப்பு 6, கிடைத்தது 8, வேறுபாடு 2. புதிய எதிர்பார்ப்பு 7.

நான்காம் முறை: எதிர்பார்ப்பு 7, கிடைத்தது 8, வேறுபாடு 1. புதிய எதிர்பார்ப்பு 7.5.

ஐந்தாம் முறை மணி அடித்தும் பரிசு இல்லை: எதிர்பார்ப்பு 7.5, கிடைத்தது 0, வேறுபாடு −7.5. புதிய எதிர்பார்ப்பு 3.75.

வேறுபாடு பெரிதாக இருக்கும்போது கற்றல் வேகமாக நடக்கிறது. வேறுபாடு சுருங்கும்போது கற்றலும் மெதுவாகிறது. எல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்தால் கற்பதற்கு ஒன்றுமில்லை.

அறிவியலும் இப்படித்தான் வளர்கிறது. அதற்குச் சான்று ஜவ்வாது மலையிலேயே உண்டு. 1977 மார்ச் 10 அன்று, காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியுடன் ஆய்வாளர்கள் காத்திருந்தனர். யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வரும் நேரம் அது. ஆனால் கோள் நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கித் திரும்பியது. கணக்கில் இல்லாத நிகழ்ச்சி! அன்று உலகின் வேறு இடங்களிலும் இத்தகைய மங்கல்கள் பதிவாயின. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்ற உண்மை அவற்றிலிருந்து வெளிப்பட்டது. எதிர்பார்ப்பு ஒன்று இல்லாதிருந்தால் அந்த மங்கல் யார் கண்ணிலும் பட்டிராது.

மூளையில் விரியும் ஒலிப்படம்

டோபமைன் துடிப்பு வந்தால் செவிப் புறணியில் என்ன நிகழும்? 2001இல் அமெரிக்காவின் சான் ஃப்ரான்சிஸ்கோ நகரில் பாவ், சான், மெர்செனிக் என்ற மூவர் எலிகளில் இதைச் சோதித்தனர். ஒரு குறிப்பிட்ட அலைவெண் கொண்ட ஒலியை எழுப்பினர். அதே வேளையில் எலியின் நடுமூளையில் டோபமைன் செல்கள் உள்ள இடத்தை மின்சாரத்தால் தூண்டினர். இதைத் திரும்பத் திரும்பச் செய்தனர்.

பின்னர் செவிப் புறணியின் ஒலிப்படத்தை அளந்தனர். அந்த ஒலிக்குரிய பரப்பு விரிந்திருந்தது. அதற்கு அடுத்தடுத்த அலைவெண்களின் பரப்பு சுருங்கியிருந்தது. வயலில் வரப்பை நகர்த்திக் கட்டியது போல, மூளை தன் நிலத்தை மறுபங்கீடு செய்திருந்தது. வெறுமனே ஒலியைக் கேட்பது வேறு, டோபமைன் துடிப்புடன் சேர்த்துக் கேட்பது வேறு என்பது இதனால் விளங்கும்.

ஆடு மேய்க்கும் சிறுவனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். மணியோசை கேட்டதும் "நம்ம ஆடு" என்று எண்ணிப் புதருக்குள் போகிறான். அவன் ஆடாகவே இருந்தால் எண்ணம் உறுதிப்படுகிறது. வேறு ஆடாக இருந்தால் எண்ணம் திருத்தப்படுகிறது. ஊகம், விடை, வேறுபாடு என்ற மூன்றும் ஒவ்வொரு மாலையும் நடக்கின்றன. அவனுக்கு ஆசிரியர் அந்தப் புதர்தான்.

பரிசில்லாமல் பாடும் குருவி

இங்கே ஒரு கேள்வி எழலாம். பழச்சாறும் இல்லை, ஆடும் கிடைக்கவில்லை என்றால் ஒலியைக் கற்க முடியாதா? பாட்டுப் பழகுகிறவருக்குத் தின்பண்டம் யார் கொடுக்கிறார்கள்?

இதற்கு ஒரு குருவி விடை தந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சீப்ரா ஃபிஞ்ச் என்ற அந்தக் குருவி, நம் வயல்களில் தானியம் கொத்தும் சில்லைக் குருவிகளின் உறவு. ஆண் குஞ்சு தன் தந்தையின் பாட்டைக் கேட்டு மனத்தில் வாங்குகிறது. முதலில் உளறுகிறது. பிறகு தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டுத் திருத்துகிறது. பிறந்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் பாட்டு அமைந்துவிடுகிறது. குழந்தை மழலை பேசிப் பின் மொழி கற்பதை இது ஒத்திருக்கிறது.

2016இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விக்ரம் கடக்கர், ஜெஸ்ஸி கோல்ட்பர்க் ஆகியோர் பாடும் குருவியின் டோபமைன் செல்களைப் பதிவு செய்தனர். குருவி பாடும்போது, பாட்டின் ஒரு குறிப்பிட்ட அசையின் மேல் கணிப்பொறி சில வேளை இரைச்சலைக் கலந்தது, சில வேளை கலக்காமல் விட்டது. குருவிக்குத் தன் குரலே பிசகிவிட்டது போல் கேட்கும்.

இரைச்சல் கலந்தபோது டோபமைன் செல்களின் துடிப்பு குறைந்தது. கலந்திருக்கக்கூடிய இடத்தில் கலக்காமல் பாட்டு சரியாக ஒலித்தபோது துடிப்பு கூடியது. உணவும் இல்லை, தண்டனையும் இல்லை. தான் எண்ணிய பாட்டுக்கும் காதில் விழுந்த பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டையே அச்செல்கள் அளந்தன. சரியான ஒலியே அந்தக் குருவிக்குப் பரிசு!

மனிதரில் நடந்த சோதனைகள்

நலமாக உள்ள மனிதரின் மூளையில் மின்கம்பியைச் செருகிப் பார்க்க முடியாது. ஆகவே ஆய்வாளர்கள் வேறு வழிகளைக் கையாண்டனர்.

2004இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில், நலமான 40 பேருக்கு ஒரு கற்பனை மொழியின் சொற்களைக் கற்பித்தனர். சொல்லைக் காதால் கேட்பார்கள். கூடவே ஒரு பொருளின் படத்தைப் பார்ப்பார்கள். ஐந்து நாள் பயிற்சி. ஒரு பிரிவினர் மருத்துவர் மேற்பார்வையில் நாள்தோறும் சிறிதளவு எல்-டோபா உட்கொண்டனர். மற்றவர்கள் உட்கொண்டது வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எல்-டோபா பெற்றவர்கள் சொற்களை விரைவாகவும் நன்றாகவும் கற்றனர். ஒரு மாதம் கழித்தும் அவர்களுக்கு அவை நினைவில் இருந்தன.

2011இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், தமக்கு மிகவும் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையைக் கதிரியக்கக் குறியீடு மூலம் படம் பிடித்தனர். மயிர்க்கூச்செறியும் கணத்தில் மூளையின் உட்பகுதியில் டோபமைன் வெளிப்பட்டது. அது மட்டுமன்று. அந்த இனிய இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் கணங்களிலும் அருகில் உள்ள வேறொரு பகுதியில் டோபமைன் வெளிப்பட்டது. எதிர்பார்ப்பதும் இசையின் ஒரு பகுதிதான் என்பது இதனால் புலனாகிறது.

விதையைத் தின்றால் மதிப்பெண் கூடுமா?

இதைப் படித்ததும் சிலருக்குப் பூனைக்காலியின் மேல் ஆசை பிறக்கலாம். அவர்களுக்கு இரண்டு செய்திகள்.

முதலாவது, 1913இல் எல்-டோபாவைப் பிரித்தெடுத்த குகன்ஹைம் தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்தார். சிறிது நேரத்தில் குமட்டலெடுத்து வாந்தி எடுத்தார். அளவு தவறினால் இரத்த அழுத்தம் குறையும். இல்லாத உருவங்கள் தோன்றும். கைகால்கள் தாமாக நெளியும். எனவே இது மருத்துவர் மட்டுமே அளந்து கொடுக்க வேண்டிய பொருள்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. 2006இல் அதே மூன்ஸ்டர் குழுவினர் வேறொரு மருந்தைக் கொண்டு சோதித்தனர். அம்மருந்து டோபமைனைப் போலவே நடித்து, நரம்புச் செல்களை இடைவிடாமல் தூண்டும். அதை உட்கொண்டவர்களின் கற்றல் கூடவில்லை, குறைந்தது!

ஏன்? பள்ளி மணியை எண்ணிப் பாருங்கள். பாடவேளை முடியும்போது மட்டும் அடித்தால் அது செய்தி. காலை முதல் மாலை வரை அடித்துக்கொண்டே இருந்தால் எந்தப் பாடவேளை முடிந்தது என்று யாருக்குத் தெரியும்? டோபமைனும் அப்படித்தான். அதன் அளவு மட்டுமன்று, அது எழும் நேரமும் முக்கியம். எல்-டோபாவைச் செல்கள் சேமித்து, உரிய நேரத்தில் டோபமைனாக வெளிவிட முடியும். இடைவிடாது தூண்டும் மருந்தோ அந்த நேரக் கணக்கைக் குழப்பிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

டோபமைன் மட்டுமே கற்றலுக்குக் காரணம் என்றும் எண்ணிவிடக் கூடாது. கவனத்திற்கு உதவும் அசிட்டைல்கோலின் போன்ற வேறு பொருள்களும் உண்டு. உறக்கமும் பயிற்சியும் வேண்டும்.

மருந்தில்லாமலே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓர் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பையோ ஒரு ராகத்தின் சுரத்தையோ கற்கும்போது, முதலில் நீங்களே ஊகித்துச் சொல்லுங்கள். உடனே சரியானதைக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் பிடியுங்கள். ஊகிக்காமல் நூறு முறை கேட்டால் வேறுபாடு எழ வழியில்லை. தப்பு என்று மட்டும் சொல்லிச் சரியானது எது என்று காட்டாத திருத்தமும் பாதித் திருத்தமே. குருவிக்குத் தந்தையின் பாட்டு மனத்தில் இருந்ததால்தான் தன் பிசகு தெரிந்தது.

காலம் தவறக் கூடாது

ஒலி காதில் விழுந்தால்தானே கற்க முடியும்? பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு என்ன ஆகும்? அதன் செவிப் புறணியில் ஒலிப்படம் வரைய ஒலியே வருவதில்லை.

சில குழந்தைகளுக்குக் காக்ளியாவில் ஒரு மின்கருவியைப் பொருத்தலாம். கெட்டுப்போன மயிர்ச் செல்களுக்குப் பதிலாக அது செவி நரம்பை நேராகத் தூண்டும். ஆனால் கருவி தருவது ஒலிக்குறிப்பை மட்டுமே. அதன் பொருளைக் குழந்தை நாள்தோறும் பயிற்சியால் கற்க வேண்டும். கற்க ஏற்ற காலமும் உண்டு. அமெரிக்காவில் அனு சர்மா என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற குழந்தைகளின் செவிப் புறணி பெரும்பாலும் இயல்பாகச் செயற்பட்டது. ஏழு வயதுக்குப் பின் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அவ்வாறு அமையவில்லை.

பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கும் ஜவ்வாது மலை போன்ற இடங்களில் இந்தக் காலக்கெடு பெரிய கேள்வியாகிறது. "போகப் போகப் பேசும்" என்று ஓராண்டு காத்திருப்பது, திரும்பிப் பெற முடியாத ஓராண்டை இழப்பதாகும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால் கவனியுங்கள். தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறதா? ஆறு மாதம் ஆனதும் பின்னாலிருந்து அழைத்தால் திரும்புகிறதா? ஒரு வயதில் மழலை பேசுகிறதா? இல்லையென்றால் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்தக் கருவியைப் பொருத்த வழி உண்டு. படித்த ஒரு மாணவன், ஒரு மாணவி சொல்லும் சொல்லால் ஒரு குழந்தைக்கு மொழி கிடைக்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். மற்றதில் சில கரண்டி அதிகமாக ஊற்றுங்கள். கரண்டியால் மெல்லத் தட்டினால் தண்ணீர் அதிகமுள்ள தம்ளர் சற்றுத் தாழ்ந்த ஒலி தரும். இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினமாக இருக்கும்படி தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

நண்பரின் கண்ணைக் கட்டி, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுங்கள். எது தாழ்ந்த ஒலி என்று அவர் சொல்ல வேண்டும். எதை முதலில் தட்டுவது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். விடை சரியா தவறா என்று சொல்லாமல் 20 முறை செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு விடைக்கும் உடனே சரி, தவறு சொல்லி 20 முறை செய்யுங்கள். சரியான விடைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த வரிசையை மாற்றிச் செய்ய வேண்டும். ஏன் என்று யோசியுங்கள்.

வினாக்கள்

1. டைரோசினிலிருந்து டோபமைன் உருவாகும் இரு படிகளைக் கூறு.

2. பார்க்கின்சன் நோயாளிக்கு டோபமைனைக் கொடுக்காமல் எல்-டோபாவைக் கொடுப்பது ஏன்?

3. மேலே உள்ள கணக்கில் ஆறாம் முறை மீண்டும் 8 புள்ளிப் பரிசு கிடைத்தால், வேறுபாடும் புதிய எதிர்பார்ப்பும் எவ்வளவு?

4. குரங்குச் சோதனையில் இருந்து, குருவிச் சோதனையில் இல்லாதது எது? அதிலிருந்து நாம் அறிவது என்ன?

5. 'டோபமைன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்ற கூற்று தவறு என்பதை ஒரு சான்றுடன் விளக்குக.

மூன்றாம் வினாவின் விடை: வேறுபாடு 4.25, புதிய எதிர்பார்ப்பு 5.875. விடையைப் பார்க்குமுன் உங்கள் தாளில் கணக்கைப் போட்டிருந்தீர்களா? போட்டிருந்தால் இந்தப் பாடம் உங்களுக்கு வந்துவிட்டது!